வெறும் கட்டம்

"கம்ப்யூட்டர் பாடப் புத்தகம், எட்டாயிரம் பிரதி! பிரிச்சுப் பார்த்தா, குறி இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் வெறும் கட்டம்! பசங்க இதைப் பார்த்துப் புரோகிராம் எழுதவா, கட்டம் தாண்டி விளையாடவா?"

மேனேஜரின் இடிமுழக்கம் கதவைத் தாண்டி வந்தது. உள்ளே நிற்பவர் ப்ரூஃப் திருத்துபவர். ஆபீஸில் அவருக்குப் பெயர் 'பூதக்கண்ணாடி'. அவருடைய பதில் மட்டும் காதில் விழவில்லை.

வெளியே, பக்கம் வடிவமைப்பவள் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்தாள். "உள்ள போய்க் கால் மணி ஆச்சு. உன்னை மொத்தமா போட்டுக் கொடுத்துட்டுத்தான் வெளிய வருவார்."

"சும்மா இருங்கக்கா. நானே பயந்து போயிருக்கேன்."

பயம் வராதா பின்னே? புரோகிராம் வரிகளில் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். அதற்கென்றே தனி ஃபாண்ட். கடைசி நாளில் நாலு வரி ஓரத்தைத் தாண்டின. ஒடுக்கமான வேறொரு ஃபாண்டுக்கு மாற்றினாள். வரிகள் சமர்த்தாக உள்ளே வந்துவிட்டன. ஆனால் அந்த ஃபாண்டில் ≤ இல்லை, ≠ இல்லை, அம்புக்குறி இல்லை. இல்லாத குறிக்கெல்லாம் ஒரு காலிக் கட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் பார்த்தது ஓரத்தை மட்டும்தான்.

ஒரு புள்ளியை நகர்த்தினாலும் பூதக்கண்ணாடியிடம் மறுபடி காட்ட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். 'ஏம்மா, கண்ணை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?' என்று மூக்கால் இழுப்பாரே என்று, காட்டாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

போன தடவையே மேனேஜர் அவளிடம் எழுதி வாங்கியிருந்தார்: இன்னொரு தப்பு என்றால் வேலை இல்லை.

கதவு திறந்தது. பூதக்கண்ணாடி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கூப்பிடறார். பயப்படாம போம்மா."

குழி வெட்டித் தள்ளிவிட்டு ஆறுதல் வேறு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போனாள்.

"ஃபாண்டை மாத்தினது யாரு?"

"நான்தான் சார். ஆனா..." கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அவர்கிட்ட காட்டினேன் சார். அவர்தான் பார்த்துட்டு, 'சரியா இருக்கு, அனுப்பு'ன்னார்."

மேனேஜர் நிமிர்ந்தார். "நிஜமா காட்டினீங்களா?"

"சத்தியமா சார்!"

மேனேஜர் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"அவரும் இதையேதான் சொன்னார். 'அந்தப் பொண்ணு காட்டிச்சு, நான்தான் கோட்டை விட்டேன்'னு. உங்களைக் காப்பாத்தப் பொய் சொல்றார்னு நினைச்சு, திட்டி அனுப்பிட்டேன். இப்போ நீங்களே சொல்லிட்டீங்க. இன்னியோட அவரை வேலையிலேர்ந்து நிறுத்திடறேன். போறப்போ அவரை வரச் சொல்லுங்க."