செருப்பைக் கழற்றிய இடம்

'டப் டப்' என்று யாரோ செருப்பைக் கல்லில் அடிக்கும் சத்தம். குட்டிகளை நக்கிக்கொண்டிருந்த செவலை நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. கடற்கரை நடைபாதையில் புதிதாக எழுப்பிய எஃகு நினைவுச்சின்னத்தின் நிழலில்தான் அது குட்டி போட்டிருந்தது.

வந்தவர் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று அண்ணாந்து பார்த்தார். பின்னால் வந்த அம்மாள் அதைக் கண்டதும் தன் செருப்பையும் கழற்றினாள். அவளைப் பார்த்து ஒரு குடும்பமே கழற்றியது. சற்று நேரத்தில் செருப்புகள் குவிந்துவிட்டன. ஒருவர் எஃகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மேலே இருந்த காகம் சிரித்தது. "செவலை, உன் வீடு கோயிலாகுதுடி."

"ஆகட்டுமே. பிரசாதம் கிடைக்கும்."

"அது எனக்கு. உன்னைக் கம்பெடுத்து விரட்டுவாங்க. கண்ணு திறக்காததுகளைத் தூக்கிட்டு எங்கே போவே?"

நாய் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. தலையில் வைக்க வாங்கிய மல்லிகைச் சரத்தை ஒருத்தி பீடத்தில் வைக்கக் குனிந்தாள். நாய் பாய்ந்துபோய் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு மணலில் ஓடியது.

"ஐயோ, நாய் செருப்பைத் தூக்கிட்டுப் போகுது!"

கும்பிட்ட கைகளெல்லாம் பிரிந்தன. அவரவர் ஓடிவந்து தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். பிறகு யாரும் கழற்றவில்லை. பூச்சரம் வைக்கக் குனிந்தவள் சுற்றிலும் இருந்த கால்களைப் பார்த்தாள். சரத்தைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கெட்டிக்காரிதான். என் சோறுதான் போச்சு" என்றது காகம்.

செருப்பை மணலில் போட்டுவிட்டு நாய் மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. அந்த எஃகைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தது. பிறகு படுத்து, குட்டியின் காதை நக்கத் தொடங்கியது.