சிவக்காத குழாய்

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த வாரம். காஜா பெராங் கிளினிக்கின் ரத்தப் பரிசோதனை அறையில் அமிர்தம், கினிப்பன்றியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேர்த்த குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குழாய் முழுக்கச் சிவந்தால், உடலுறவால் தொற்றும் மேகநோய் இல்லை. சிவக்காமல் ரத்த அணுக்கள் அடியில் படிந்து நின்றால் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்துச் சோதிப்பாள். அந்தக் கடைசிக் குழாய் சிவந்தால்தான் சோதனை சரி. இன்று அது சிவக்கவில்லை.

"கினிப்பன்றி சீரம் கெட்டுப்போயிருக்கும்," என்றார் டாக்டர் நல்லையா. "கொட்டிட்டு மறுபடி செய்யும்மா. ரெண்டு மாசம் லீவுல கை மறந்துபோச்சா?"

வேறொரு கினிப்பன்றியிலிருந்து புதிய சீரம் எடுத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். நோயாளிகள் ஒன்பது பேரின் குழாய்களும் சிவந்தன. கடைசிக் குழாய் மட்டும் அப்படியே இருந்தது.

"அப்போ சீரத்துல கோளாறு இல்ல. அந்த ஆளுக்குத்தான் நோய். யாரு அது? கூப்பிட்டு ஊசி போடணும்."

அமிர்தம் தன் முழங்கை மடிப்பிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"மூணு வருஷமா நல்ல ரத்தமாத்தான் இருந்துச்சு டாக்டர். என்னோடதுதான்."

டாக்டரின் பார்வை அவள் கழுத்திலிருந்த புதுத் தாலிக்கயிற்றில் நின்றது.

"ஊசி மருந்து ரெண்டு பேருக்கு எடுத்து வைக்கவா டாக்டர்?" என்று கேட்டாள்.