சீரான இடைவெளி

தட்டச்சு அக்காவுக்கு வேலையே தெரியவில்லை என்று புது அதிகாரி வந்த வாரமே முடிவு கட்டிவிட்டார்.

உதவித்தொகை மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டைக் கவனிக்கும் அலுவலகம் அது. அவர்கள் கைப்பட எழுதித் தரும் மனுக்களைக் கணினியில் அடித்து, அச்செடுத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அக்காவின் வேலை.

மனுக்களைப் புரட்டிய அதிகாரிக்குக் கண்ணை உறுத்தியது. ஒன்றில் பத்திகள் காற்றோட்டமாக நின்றன. அடுத்ததில், நெரிசலான பேருந்தில் நிற்பவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

அதிகாரி அந்தத் தட்டச்சு மென்பொருளில் இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியும் இருந்தார். கோப்பைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு தனிக் கட்டளை. அச்சு அளவில் ஒரு பத்திக்கு ஆறு புள்ளி இடைவெளி, ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்குச் சுத்தமாகப் பூஜ்யம்.

"கோப்போட தலையில ஒரே ஒரு கட்டளை போட்டா, எல்லாப் பத்தியும் பன்னிரண்டு புள்ளி தள்ளி அழகா நிக்கும். இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையமர்த்திவிட்டு, அந்த வாரம் போகவேண்டிய நாற்பது கோப்புகளையும் தானே உட்கார்ந்து திருத்தினார். அச்சாகி வந்தபோது மனுக்கள் லட்சணமாகத்தான் இருந்தன.

நாலாம் நாள் அவற்றில் முப்பத்தொன்று திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே முத்திரை: 'இரண்டு பக்கத்துக்கு மேல். படிக்கப்படவில்லை.'

அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். எட்டு வருஷமாக இதுதான் விதி என்றார் அக்கா. தாராளமாக இடைவெளி விட்டால் முக்கால்வாசி மனுக்கள் மூன்றாம் பக்கத்துக்கு நாலைந்து வரி வழிந்துவிடுமாம்.

"அழுதுக்கிட்டே எழுதிக் குடுத்தவங்ககிட்ட, இதுல நாலு வரியை வெட்டுங்கன்னு எப்படி சார் சொல்றது? அதான், நான் இடைவெளியை வெட்டிடுவேன்."

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழைகளின் மனுவைப் படிக்காமலே தள்ளச் சொன்ன புண்ணியவான் யார், அவன் மனுஷன்தானா என்று கேட்டார்.

அக்கா அலமாரியிலிருந்து, அந்த விதியைப் போட்ட பழைய சுற்றறிக்கையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

அடியில் இருந்த கையெழுத்தை அதிகாரி இரண்டு தடவை பார்த்தார். தலைமை அலுவலகத்தில் இருந்த காலத்தில் அவரே போட்டது.

மேலே ஒரு கடிதம் எழுதினால் விதியை மாற்றிவிடலாமே என்று அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அதிகாரி சுற்றறிக்கையை மடித்து அவரிடமே நீட்டினார்.

"விதியில எல்லாம் கை வைக்கக் கூடாதும்மா. நீங்க பழையபடி இடைவெளியிலயே கை வைங்க."