பலகையில் இருந்த பெயர்

நாற்காலியைக் காட்டியும் ஜில்மார் உட்காரவில்லை. டைல்ஸ் பதிக்கும் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, சிமெண்ட் அப்பிய பூட்ஸோடு நேரே வகுப்பறைக்கு வந்திருந்தான்.

பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மிஸ் பெல்கி மட்டும் இருந்தார்.

அலைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். பள்ளிக்கூடமே பெற்றோர்களுக்கு அனுப்பி வைத்த வீடியோ அது.

சுவரில் பெரிய ஸ்மார்ட் போர்டு. பின்னக் கணக்குகளை மீள்பார்வை செய்யும் போட்டி. பிள்ளைகள் தங்கள் டேப்லெட்டில் விடையைத் தொடத் தொட, போர்டில் பெயர்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அதன் முன்னால் அவன் மகள் தைனா நிற்கிறாள். மொத்த வகுப்பும் சிரித்துக்கொண்டு, மேசையைத் தட்டிக்கொண்டு கத்துகிறது.

“பர்ரா! பர்ரா!”

நேற்று முதல் தடவை பார்த்தபோது அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு போர்டில் இருந்த எழுத்துகளைப் படித்தான்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் வாயில் அது பர்ரா. பிரேசிலில், அவன் பிறந்த ஊரில், அதே எழுத்துகள் பூஹா. பெட்டைக் கழுதை. படிப்பு மண்டையில் ஏறாத பெண்ணைச் சொல்வது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கு வந்து ஒன்பது குளிர்காலம் ஆகிவிட்டது. மேஸ்திரி அவன் பெயரை வாய்க்கு வந்தபடி கடித்துத் துப்பியதை, கடைக்காரன் அவனிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டதை, எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறான். இதை விழுங்க முடியவில்லை.

அந்த வகுப்பில் அவர்கள் மொழி பேசும் குடும்பம் வேறு கிடையாது. அப்படியென்றால் எவனோ மெனக்கெட்டுத் தேடிப் பிடித்து, அவள் மொழியிலேயே அவளைக் குத்தியிருக்கிறான். அதுதான் அவனைச் சுட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது தைனாவைக் கேட்டுப் பார்த்தான். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மனைவி ரோசேலி, விட்டுவிடு, அங்கே போய் எதுவும் கேட்காதே என்றாள். பெற்றவளே இப்படிச் சொல்கிறாளே என்று இன்னும் கோபம் ஏறியது.

சொல்லின் அர்த்தத்தை மிஸ் பெல்கியிடம் சொல்ல அவனுக்கு நாக்குக் கூசியது. போர்டில் இருந்த பெயரை மட்டும் விரலால் குத்திக் காட்டினான்.

“என் பொண்ணுக்கு இந்தப் பேரை வச்சது யாரு? அந்தப் பிள்ளையோட அப்பன இங்க வரச் சொல்லுங்க. நாலு வார்த்தை கேக்கணும்.”

மிஸ் பெல்கிக்கு அவன் கோபமே பிடிபடவில்லை. பிள்ளைகள் கேலி செய்யவில்லை, தைனா முதலாவதாக வந்ததற்காகக் கத்தினார்கள் என்றார். மூன்று வாரமாக அவளுக்குத்தான் முதலிடமாம். வீட்டில் சொல்லவில்லையா என்று ஆச்சரியப்பட்டார்.

ஜில்மார் விடவில்லை. அவன் கேட்டது மதிப்பெண்ணை அல்ல, பெயரை.

அவர் போர்டைத் தொட்டு அன்றைய பட்டியலைத் திறந்தார். டிராகன், பூசணி, கேப்டன் பனி, பர்ரா. கடைசியாக வருகிற பிள்ளைக்கு அவமானமாக இருக்கக் கூடாது என்பதற்காக நிஜப் பெயர்களைப் போடுவதில்லையாம். அவரவர் பெயரை அவரவரேதான் தட்டச்சு செய்ய வேண்டுமாம்.

“என்ன பேர் வைக்கிறதுன்னு தெரியலைன்னு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா, சார். நான்தான், வீட்டுல உன்ன எப்படிக் கூப்பிடுவாங்களோ அதையே போடுன்னு சொன்னேன். கேக்கவே அழகா இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?”

வீட்டில் மூன்று பேர்தான். ரோசேலி மகளைத் தையி என்றுதான் கூப்பிடுவாள். மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

ஜில்மார் அலைபேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

விடை தெரியாத பிள்ளைக்காகக் காத்திருப்பதுபோல, மிஸ் பெல்கி சிரித்த முகத்தோடு பொறுமையாகக் காத்திருந்தார்.