எவன்

சாவியை அவன் கொடுக்கவில்லை. வீசினான்.

அவள் கையை நீட்டவில்லை.

சாவி அவள் தோளில் பட்டு, மோட்டல் வாசலின் சரளைக்கல்லில் விழுந்தது.

"எடு."

"நீங்க எறிஞ்சது. நீங்களே எடுங்க."

அவனால் சட்டென்று குனிய முடியாது. குனிந்தால் பாரம் வலது காலுக்குப் போகும். அந்தக் காலின் பெருவிரல் காலை ஏழரை மணியிலிருந்து கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. கோபத்தில் கார் டயரை உதைக்கப் போனவன், குறி தவறி, செருப்புக் காலோடு பக்கத்திலிருந்த சிமென்ட் கட்டையை உதைத்துவிட்டான்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் புல்லாகக் கிடக்கும் நெப்ராஸ்காவில், அவன் காலுக்கு அகப்பட்டது அந்த ஒரு கட்டைதான்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

ஒற்றைக் காலில் நொண்டி வந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அவனேதான் எடுத்தான். அவள் உள்ளங்கையில் வைத்தான்.

வேறு வழியில்லை. அந்தக் காலால் பெடலை மிதிக்க முடியாது. நாளைக் காலை டென்வரில் அவனுக்குப் புது வேலை. சிகாகோ வீடு மொத்தமும் காருக்குள் இருந்தது. பின் சீட்டில் கிரைண்டர்கூட பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம் வரை, அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது.

மோட்டல் கவுண்டரில் அடையாள அட்டை கேட்டார்கள். அவன் பர்ஸைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவள் யோசிக்காமல் கைப்பையைத் திறந்து, ஒன்றை எடுத்து வைத்தாள்.

டிரைவிங் லைசென்ஸ். வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

கவுண்டர் பெண் நம்பரைக் குறித்துக்கொண்டு, போட்டோ அழகாக இருக்கிறது என்றாள்.

அறைக் கதவைச் சாத்தியதும் கேட்டான்.

"எவன் கத்துக் குடுத்தான்?"

யாரு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

எதிர் ஃபிளாட் லொரெய்ன். வயது அறுபத்தொன்பது. இதே நெப்ராஸ்காவில் பிறந்து, முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். அவன் ஆபீஸ் போன பிறகு, தன் பழைய காரில் இவளை உட்காரவைத்து, பிரேக்கை மிதி, தடவாதே என்று கத்தியவள்.

அதற்கு முன்னால் இவள் அவனிடமே மூன்று தடவை கேட்டுப் பார்த்திருந்தாள். மூன்று தடவையும் ஒரே பதில்.

"எதுக்கு? அதான் நான் இருக்கேனே."

"ஒரு கிழவிதாங்க" என்றால் போதும். அவன் கோபம் இறங்கிவிடும். சிரித்தாலும் சிரித்துவிடுவான்.

அதுதான் அவளுக்கு எரிந்தது.

எவன் என்று கேட்டவனுக்குக் கிழவி என்று பதில் சொன்னால், அவன் கேட்டது சரி என்று ஆகிவிடும். நாலு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு, அவன் வாயில் முதலில் வந்தது அந்தச் சொல்.

அவள் வாயைத் திறக்கவில்லை. பத்துத் தடவை கேட்டிருப்பான்.

"அதைக் கிழிச்சுப் போடு."

"பிளாஸ்டிக். கிழியாது."

விடிந்ததும் தீர்ப்பு வந்தது.

"டென்வர் போன உடனே ஃப்ளைட் ஏத்தி விடுறேன். திண்டுக்கல்ல போய் உங்கப்பாகிட்ட சொல்லு, எவன்னு."

சொல்லிவிட்டுத்தான் டயரை உதைக்கப் போனான்.

அவள் சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கிளப்பினாள்.

பெரிய ரோட்டில் ஏதோ லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம். போன் அவர்களை உள்ரோடு ஒன்றில் இறக்கிவிட்டது. போக ஒரு வழி, வர ஒரு வழி. ஊர்ப்பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி. ஒரு சர்ச். டிராக்டர் விற்கும் கடை. ஊர் முடிந்தது. அப்புறம் புல், புல், வானம்.

"மெதுவா."

போர்டில் அறுபத்தைந்து என்றிருந்தது. அறுபத்தைந்தில்தான் போனாள்.

"கோட்டைப் பாத்து ஓட்டு."

கோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினாள்.

"இப்படித்தான் சொல்லிக் குடுத்தானா?"

இந்த ரோட்டில் ஓரங்கட்டி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, இறங்கு என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

எதிரே ஒரு பிக்கப் டிரக் வந்தது. தொப்பி வைத்த பெரியவர். கடக்கும் நொடியில், ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தி, அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

இந்தப் பக்கத்து வழக்கம் அது. எதிரே வருவது யாரானாலும், ஓட்டுகிறவருக்கு ஓட்டுகிறவர் ஒரு விரல் வணக்கம். லொரெய்ன் தன் ஊரைப் பற்றிச் சொன்ன முதல் பெருமையே அதுதான். சிகாகோவிலிருந்து பெரிய ரோட்டிலேயே வந்தவனுக்கு அது தெரிய நியாயமில்லை.

அவன் கழுத்தைத் திருப்பி, போகிற டிரக்கைப் பார்த்தான். பிறகு அவளை.

"உனக்குத் தெரிஞ்சவனா?"

சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றாள்.

மாட்டு லாரி ஒன்று வந்தது. ஒரு விரல்.

"இவன்?"

"இவரும்தான்."

அடுத்து ஒரு போலீஸ் கார். கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி. ஒரு விரல்.

அவன் காலை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். வலி உச்சிக்கு ஏறியிருக்க வேண்டும். பல்லைக் கடித்தான்.

"விளையாடுறியா? எத்தனை பேருடி?"

"தெரியல. டென்வருக்கு இன்னும் முந்நூறு மைல் இருக்கு. எண்ணிக்கிட்டே வாங்க."

ரோடு நூல் பிடித்தாற்போல் நீண்டு கிடந்தது. அதன் நுனியில் ஒரு புள்ளி. புள்ளி பெரிதாகி டிரக் ஆனது.

இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டு விரலை உயர்த்தினாள்.