சுறாவின் கொட்டாவி

அன்றைக்குப் படகில் இருந்தவர்கள் நான்கே பேர். கயிற்றுக்கடை அருணாசலவடிவு, அவருடைய தம்பி மகள் இசக்கிச்செல்வி, அவளோடு கடலுயிரியல் படிக்கும் டெல்பின், படகுக்காரர் விக்டர். வேறு யாராவது நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

காலை பத்து மணி. துறைமுகத்துக் கிரேன்கள் தீக்குச்சிகளாகச் சிறுத்துத் தெரிந்த இடத்தில் விக்டர் இன்ஜினை நிறுத்தினார்.

இசக்கிச்செல்வி முதல்முறையாகக் கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளை எண்ணப் போகிற நாள். டெல்பின் ஏற்கெனவே இரண்டு முறை இறங்கியவள். அதைக் கரையை விட்டதிலிருந்து ஏழு முறை சொல்லிவிட்டாள்.

அருணாசலவடிவு எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. எழுபத்திரண்டு வயதில், கஞ்சி போட்ட சேலையில், மடியில் கைப்பையோடு, பரீட்சைக் கூடத்து மேற்பார்வையாளர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படகு ஆடியது. அவர் ஆடவில்லை.

சற்றுத் தள்ளித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு முதுகுத்துடுப்பு எழுந்தது.

"ஏளா, சுறா!" என்றாள் டெல்பின்.

விக்டர் சிரித்தார். "பயப்படாத பிள்ள. இவ தாத்தா கட்டுனத இன்னும் அவுக்கவே இல்லல்லா? வாயத் தொறந்துருமாக்கும்!"

அருணாசலவடிவின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

இது ஊரறிந்த பழைய பேச்சு. அவருடைய அப்பா கடல்கட்டி. கரையில் கடையும் ராட்டினமுமாகத் திருவிழா போல முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஆட்கள் குதிக்கும் முன்னால் மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுகிறவர். கட்டிய வாய் சிறு மீனுக்குத் திறக்கும், மனிதனுக்குத் திறக்காது. கடைசிப் படகு கரையேறியதும் அவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுறாக்கள் அரை வயிற்றோடு அலையும். கடைசி முத்துக்குளிப்பின் கடைசி நாளில் மனிதர் அவிழ்க்க மறந்துவிட்டார் என்பதுதான் பேச்சு.

சூனியக்காரன் வீடு என்றால் அருணாசலவடிவுக்குக் கோபம் வராது. அது குடும்பத் தொழில். வேலையைப் பாதியில் விட்டவன் வீடு என்றால் வரும். அப்படிச் சொன்ன விக்டரின் அப்பாவுக்கு ஒரு வருடம் முழுக்கக் கயிறு விற்க மறுத்தார். பாவம், அந்த மனிதர் ஒரு நங்கூரக் கயிற்றுக்காக ஆறுமுகநேரி வரை அலைந்தார்.

இன்றைக்கு அருணாசலவடிவு கைப்பையைத் திறந்தார்.

உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைச் சுறா. அதன் வாயைச் சுற்றிப் பனந்தும்பு நூல். கறுத்து இறுகிப்போன ஒரு முடிச்சு.

விக்டரின் சிரிப்பு நின்றது. சிலுவை போட்டுக்கொண்டார்.

"முடிச்சு நல்லா இறுக்கமா இருக்கான்னு பாக்க வந்தேன்," என்றார் அருணாசலவடிவு, யார் முகத்தையும் பார்க்காமல். "பிள்ள உள்ள எறங்குதால்லா."

"குடுங்க அத்தை, பாப்போம்."

இசக்கிச்செல்வி கையில் வாங்கியதுதான் தாமதம். படகின் விலாவில் அலை தட்டுவது நின்றது. பித்தளை வெதுவெதுத்தது.

"அத்தை... இது மூச்சு விடுது."

முடிச்சு தானாக அவிழ்ந்தது.

துடுப்பு திரும்பியது. சுறா நேராகப் படகுக்கு வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. திறந்தது, திறந்துகொண்டே போனது. வரிசை வரிசையாகப் பல். விக்டர் படகின் மறுமுனையில் இருந்தார். எப்போது போனார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு மெதுவாக, சுகமாக, வாய் மூடிக்கொண்டது.

கொட்டாவி! அறுபது வருடங்களுக்கு மேல் அடக்கிவைத்த கொட்டாவி.

பார்த்துக்கொண்டிருந்த டெல்பினும் ஒரு கொட்டாவி விட்டாள். இசக்கிச்செல்வி சிரித்த சிரிப்பில் படகு குலுங்கியது.

"அத்தை, நான் திரும்பக் கட்டட்டுமா?" கேட்கும்போதே அவள் விரல்கள் நூலைச் சுற்ற ஆரம்பித்திருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கட்டு. ஏறி வந்ததும் அவுத்துரணும். இல்லன்னா ஒனக்கும் எனக்கும் பேச்சில்ல."

கட்டினாள். இறங்கினாள். நாற்பது நிமிடம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக ஏறி வந்தாள். நீச்சல் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் முதலில் முடிச்சை அவிழ்த்தாள். இந்த முறை எந்தச் சுறாவுக்கும் கொட்டாவி வரவில்லை.

விக்டருக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. "அப்ப ஊர்ல சொன்னது நெசந்தான வடிவக்கா? ஒங்க அப்பா மறந்துதான் போயிருக்காரு."

இதை இன்று மாலைக்குள் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிடுவார் என்று அருணாசலவடிவுக்குத் தெரியும். பித்தளைச் சுறாவைக் கைப்பையில் வைத்து மூடினார். முதுகு வளையவில்லை.

"ஏலே விக்டர், சொல்லுததை ஒழுங்காச் சொல்லு. எங்கப்பா மறக்கல. அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல், பாயை விட்டே எந்திரிக்கல. கட்டினவளுக்கு வயசு ஒம்பது. ராத்திரி வந்து அவுக்கப் பாத்தா, நேரம் தப்புன முடிச்சு என் கைக்கு வரல. நானும் ஒண்ணும் மறக்கலலே. அவுக்கிற நேரத்துல ராட்டினத்துல எனக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி இருந்துச்சு."