வாப்பாவின் கதவு

கண்டி நகரில் பழைய கடைகளை இடித்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்தில், கழிவறை முன்னே விறைத்து நிற்கிறார் லாபிர் ஹாஜியார். அவருடைய தந்தையின் புடைவைக் கடைக் கதவை அழகுக்காக இந்தக் கழிவறை வாசலில் பொருத்தியிருக்கிறார்கள். தேக்கில் செதுக்கிய தந்தையின் பெயர்மேல் விளக்கொளி வழிகிறது. வருபவர்கள் அதிலேயே உள்ளங்கையை வைத்துத் தள்ளி நுழைகிறார்கள். அவருக்கோ அடிவயிறு முட்டுகிறது.

"மத்த டொய்லட்டெல்லாம் பூட்டி ஈக்கி வாப்பா, போங்களே. கதவுதானே?" என்கிறாள் மகள் ஸமீஹா.

"என்ட வாப்பாட பேர்ல கைய வெச்சா மூத்திரம் பெய்யப் போகச் சொல்றாய்?"

கைத்தடியை ஊன்றியவர் அசையவில்லை. வெள்ளைச் சாரனில் ஈரம் மெல்லப் படர்கிறது. ஸமீஹா யாரோ போலத் தள்ளிப் போய் நிற்கிறாள். துப்புரவுப் பெண் வழுக்கும் தரைக்கு வைக்கும் மஞ்சள் பலகையை அவர் காலடியில் விரிக்கிறாள். அதைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பெயரைத் தள்ளி, எல்லோரும் உள்ளே போகிறார்கள்.